நேராகப் பார்க்கக் கூடாது

பல் டாக்டர் பூங்கொடியின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஆகாயத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பனுக்கு அப்படித்தான் பட்டது. உனக்கு ஒரு கேலக்ஸி, எனக்கு ஒரு நெபுலா, அவருக்கு ரெண்டு நட்சத்திரக் கொத்து, மிச்சம் இருந்தால் பார்சல். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கடைவாய்ப்பல் படம், வேரும் நரம்பும் தெரிய. அதற்கு எதிரே மஞ்சள் மண்டி அங்கமுத்து, சட்டைப் பையில் மூன்று பேனா, எதற்கென்று அந்த மாரியம்மனுக்குத்தான் வெளிச்சம், மனுஷன் எழுதி ஒருத்தரும் பார்த்ததில்லை. அவருக்கு அந்தப் பக்கம் நிஷாந்த், பெங்களூர்க் கம்பெனிக்கு ஈரோட்டு வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறவன், மடியில் லேப்டாப், அதில் நட்சத்திர வரைபடம், அதை விரலால் இழுப்பதும் பெரிதாக்குவதுமாக இருந்தான், வானம் என்னவோ அவன் வீட்டு ஜன்னல் திரை மாதிரி. இன்னும் நாலைந்து பேர், பேரை ஞாபகம் வைத்துக்கொள்ள அவசியமில்லாதவர்கள். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் பூங்கொடி, எதிரே தட்டில் முறுக்கு. பல் டாக்டர் வீட்டு முறுக்கு, கடித்தால் பல் போகும், போனால் அவளுக்கு வேலை, நல்ல ஏற்பாடு. ஈரோடு வான்நோக்கர் வட்டம். வட்டமாம். மாசி அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமை ராத்திரி பர்கூர் மலையில் அங்கமுத்துவின் மச்சினன் தோட்டத்தில் விடிய விடிய வானம் பார்ப்பதென்று முடிவாகியிருந்தது. சும்மா நிலாவையும் சனியின் வளையத்தையும் பார்த்து வாயைப் பிளப்பது இல்லை. நிலவும் டவுன் வெளிச்சமும் எட்டாத இருட்டில், கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி, கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருக்கிற மங்கல்களைத் தேடிப் பிடிப்பது. ஆழ்வானம் என்று அதற்குப் பெயர் வைத்தவரே சென்னியப்பன்தான். அதைத் திட்டம் போடத்தான் இந்தக் கூட்டம். வந்ததிலிருந்து சோற்றைப் பற்றித்தான் பேச்சு.

"அமாவாசை ஒட்டி வருதுங்களே, அசைவம் வேண்டாமுங்க," என்றார் அங்கமுத்து. "தக்காளி சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். குளிருக்குச் சுக்குக் காப்பி. என்னுங்க சார்?" சென்னியப்பன் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியில் பூங்கொடி கறுப்புத் தாள் ஒட்டியிருந்தாள், வெயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு கோடாய் விளிம்பில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். அந்தக் கோடு இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, பஸ் ஏறி இறங்கி, தெரு முனை, சாக்கடைப் பாலம், வீடு. பாலத்தை மட்டும் வெளிச்சத்தில் தாண்டிவிட்டால் மிச்சம் கால் பழக்கம். ஸ்கூட்டர் என்னாச்சு சார் என்று வாசலிலேயே அங்கமுத்து கேட்டார், சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்று சொல்லியாகிவிட்டது. போன கூட்டத்துக்கும் சர்வீஸ்தான். இந்த ஆளுக்கு அது ஞாபகம் இருக்காது, மஞ்சள் விலையைத் தவிர எதுவும் அந்த மண்டையில் தங்காது. படி ஏறும்போது, வெயிலில் இருந்து உள்ளே வந்ததும் எல்லாம் கறுத்துப்போய், சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏறினார். மேலே நின்றிருந்த பூங்கொடி படிக்கட்டு லைட்டைப் போட்டாள். பட்டப் பகலில் லைட். கரண்ட் பில் கட்டுகிறவளுக்கே அக்கறை இல்லை. "தயிர் சாதத்துக்கு மாங்காய் ஊறுகாயா எலுமிச்சையா," என்று பேர் தேவையில்லாத ஒருவர் கேட்க, அது ஒரு பெரிய கேள்வியாகி, ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். ஆந்த்ரோமீடா எங்கே இருக்கிறதென்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் செல்போனைத்தான் எடுப்பார்கள். ஊறுகாய்க்கு மட்டும் எல்லோருக்கும் அபிப்பிராயம் இருந்தது. தன் கண்ணை இத்தனை வருஷம் இவர்களுக்குக் கடன் கொடுத்ததை நினைக்க எரிச்சலாக வந்தது.

கண் என்றால் கண்தான். பாலிடெக்னிக்கில் பிசிக்ஸ் நடத்தி ரிடையர் ஆனதெல்லாம் ஒரு பெருமையா, தெருவுக்கு நாலு பேர் அப்படி இருக்கிறான். வீடு பெண்டாட்டி கமலவேணியின் அப்பா கொடுத்தது. மகன் ஹைதராபாத்தில், போனில் சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்பான். சென்னியப்பனுக்கென்று இருந்தது அந்தக் கண் ஒன்றுதான். கார் ஷெட்டில் நின்று கண்ணாடியைத் தானே தேய்த்து, மெருகேற்றி, தெருவில் புதைக்கிற தண்ணீர்ப் பைப் தடிமனில் குழாய் செய்து, ஊரே பீரங்கி என்று கூப்பிடுகிற அந்தத் தொலைநோக்கியை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால், மோட்டார் இல்லாமல், செல்போன் இல்லாமல், ஒரு நட்சத்திரத்தில் இருந்து அடுத்த நட்சத்திரம், அதில் இருந்து அடுத்தது என்று வானத்தில் ஓடை தாண்டுகிற மாதிரி தாண்டிப் போய், இதோ என்று நிறுத்துவார். குனிந்து பார்க்கிறவனுக்கு வெறும் கறுப்புதான் தெரியும். சார் ஒண்ணும் காணோமே என்பான். நேராப் பார்த்தா எப்படித் தெரியும், பக்கத்துல பாருடா. அது இருக்கிற இடத்தைப் பார்க்காதே, அதுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒண்ணுமில்லாத இடத்தைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணு, அப்ப அது தானா ஓரத்துல வந்து நிக்கும். கண்ணோட நடுப்பாகம் வெளிச்சத்துக்கு, ஓரம்தான் இருட்டுக்கு. ஒவ்வொரு தடவையும் கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. ஒருத்தனுக்கும் வராது. மங்கலாய் ஏதோ தட்டுப்பட்ட உடனே ஆசையில் நேராகத் திரும்பிவிடுவார்கள், அது மறைந்துவிடும். ஆசையை அடக்கத் தெரியாதவர்களுக்கு ஆழ்வானம் எதற்கு. இந்த நிஷாந்த் இருக்கிறானே, அவன் கண்ணையே வைப்பதில்லை. டிபன் கேரியர் அளவில் ஒரு பொட்டி, தரையில் வைத்துப் பொத்தானை அமுக்கினால் அதுவே தேடி, அதுவே படம் பிடித்து, கலர் கலராய் போனுக்கு அனுப்பும். கொசு அடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அதற்கு மலை எதற்கு, அமாவாசை எதற்கு, கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்கலாமே. ஆனால் கூட்டம் இப்போதெல்லாம் அந்தப் பொட்டியைச் சுற்றித்தான் நிற்கிறது. பீரங்கி பக்கம் வருகிறவர்கள் மரியாதைக்கு வருகிறார்கள்.

"சார், சிம்மத்துல இருக்கிற மூணையும் பீரங்கில வெச்சுக்கலாம்ல," என்றான் நிஷாந்த், லேப்டாப்பில் இருந்து தலையைத் தூக்காமல். சிம்ம ராசியின் பின்னங்கால் அருகே பக்கம் பக்கமாய் இருக்கிற மூன்று கேலக்ஸி. முதல் இரண்டும் பெரிய சங்கதியில்லை, கண் இருக்கிற யாருக்கும் தெரியும். மூன்றாவதுதான் பரீட்சை. நீளமாய், மெலிதாய், சாம்பலைத் தொட்டு இழுத்த மாதிரி. அதைப் பார்த்தவன் பார்த்தவன், மற்றவன் எல்லாம் சோறு தின்ன வந்தவன். பொய் சொல்லித் தப்பிக்கக் கூடாதென்று சென்னியப்பன் ஒரு வழக்கமும் வைத்திருந்தார். பார்க்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. பார்த்துவிட்டு நகர்ந்து போய், பென்சிலால், ஒரு வட்டத்துக்குள் தான் கண்டதை வரைய வேண்டும். கடைசி ஆளும் வரைந்த பிறகுதான் எல்லாத் தாளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது. யார் பார்த்தார், யார் பக்கத்து ஆள் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார் என்பது அப்போது தெரிந்துபோகும். ஒரு தடவை, ஆறேழு வருஷம் இருக்கும், பூங்கொடி வட்டத்துக்குப் புதுசு, ஆகா சார் அற்புதம் சார் என்று எல்லாவற்றுக்கும் உருகிக்கொண்டிருந்தாள். சென்னியப்பனுக்குத் தாங்கவில்லை. பீரங்கியை ஒன்றுமே இல்லாத ஒரு மூலைக்குத் திருப்பி வைத்துவிட்டு, அழகான சுருள் கேலக்ஸி, பாருங்கம்மா என்றார். அவள் வெகுநேரம் பார்த்தாள். போய் உட்கார்ந்து வரைந்தாள், சுருள் சுருளாய், இரண்டு கை, நடுவில் பொட்டு. தாளை எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்து, "அங்க ஒண்ணுமே இல்லையேம்மா, எதைப் பார்த்து வரைஞ்சீங்க," என்றார். என்ன சிரிப்பு அன்றைக்கு. அங்கமுத்துவுக்குப் புரையேறியது. அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை, தாளை வாங்கி மடித்துக்கொண்டாள். அதோடு விட்டது சனியன் என்று நினைத்தால் அடுத்த அமாவாசைக்கு சரியாக வந்து நின்றாள், சார் இன்னைக்கு என்ன பார்க்கறோம் என்று. மானம் ரோஷம் இருக்கிறவள் வருவாளா. பல் பிடுங்குகிறவர்களுக்கு அதெல்லாம் இருக்காது போல. இல்லை, பிடுங்கிப் பிடுங்கிப் பிறத்தியார் அலறுவதைக் கேட்டு மரத்துப்போயிருக்கும். அதற்குப் பிறகு அவள் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னதில்லை, அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தெரியலைங்க சார் என்று வெறும் வட்டத்தை நீட்டுவாள். வெறும் வட்டத்தை நீட்ட எப்படி மனசு வருகிறதோ.

கண் டாக்டர், அவனும் சின்ன வயசுக்காரன், முகத்தில் மீசை கூடச் சரியாக இல்லை, சர்க்கரை உள்ளே விழித்திரையைத் தின்றுவிட்டது என்று ரொம்ப சாதாரணமாகச் சொன்னான், தோசை கருகிவிட்டது என்கிற மாதிரி. லேசர் வைத்தான். ஒரு கண், மூன்று வாரம் கழித்து இன்னொரு கண். பச்சையாய் பளீர் பளீரென்று, மண்டைக்குள் வெல்டிங் வைக்கிற மாதிரி. "நடுப்பார்வையைக் காப்பாத்தணும்னா ஓரத்தைச் சுட்டுத்தான் ஆகணும் சார். நடு பத்திரமா இருக்கும், பேப்பர் படிக்கலாம், டிவி பார்க்கலாம். பக்கவாட்டுல கொஞ்சம் குறையும், இருட்டுல கொஞ்சம் தடுமாறும். அவ்வளவுதான்." அவ்வளவுதான். அவனுக்கு என்ன தெரியும். பேப்பர் படிப்பதற்கா இத்தனை வருஷம் கண்ணை வளர்த்தார். பேப்பரில் என்ன இருக்கிறது படிக்க. நடுவைக் காப்பாற்ற ஓரத்தைச் சுட்டுவிட்டான், ஓரம்தானே கண்ணே, அதை அவனிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் என்ன செய்வான், சுட்டதைத் திரும்ப எடுத்து வைப்பானா. கமலவேணிக்கு லேசர் தெரியும், அது என்னவென்று தெரியாது. சொட்டு மருந்து விடுவாள், ராத்திரி வண்டி எடுக்காதீங்க என்பாள், அதோடு சரி. தை அமாவாசைக்கு, யாரிடமும் சொல்லாமல், அவள் அண்ணன் தோட்டத்துக்குப் பீரங்கியைக் கொண்டுபோனார். கை நேராகப் போய் சிம்மத்தில் நின்றது, கைக்கு வழி தெரியும். குனிந்தார். கறுப்பு. பனி படிந்திருக்கும் என்று துணியால் துடைத்தார். கறுப்பு. குழாய் கலைந்திருக்கும் என்று திருகாணிகளைத் தொட்டுத் தொட்டு சரி பார்த்தார். பக்கத்தில் பார்த்தார், இன்னும் பக்கத்தில், மேலே, கீழே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கிற மாதிரி எல்லா பாவனையும் பண்ணினார். கேணியில் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. முதல் இரண்டு கூட இல்லை. தலையை நிமிர்த்தினால் வானத்தில் பெரிய நட்சத்திரம் நாலைந்து மட்டும், ஏழை வீட்டுக் கல்யாணத்து சீரியல் லைட் மாதிரி. கீழே உட்கார்ந்து, மண்ணைத் தடவி லென்ஸ் மூடியைத் தேடினார், காலுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, விடிந்த பிறகுதான் கிடைத்தது. அழுதாரா என்றால் அழுதார். அதையும் யாரும் பார்க்கவில்லை.

"மூணாவதை சார்தான் காட்டணும்," என்று அங்கமுத்து சொல்லிக்கொண்டிருந்தார். "அவுரு கண்ணு கழுகுக் கண்ணுங்க." கழுகு. இந்த ஆள் கழுகை எங்கே பார்த்தான். "இந்த வாட்டி நீங்களும் வரையணும் சார்," என்றான் நிஷாந்த், இப்போது தலையைத் தூக்கி. "போன தடவை நீங்க வரையவே இல்ல. ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானே." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எதற்குச் சொல்கிறான். தெரிந்து சொல்கிறானா. சென்னியப்பன் அவன் முகத்தைப் பார்த்தார், லேப்டாப் வெளிச்சம் மூக்கில் நீலமாய் அடித்தது, அந்த முகத்தில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. போன தடவை வரையாதது லேசருக்கு முன்பா பின்பா. பின்பு. அன்றைக்கு மேகம் என்று சொல்லிச் சீக்கிரம் மூட்டை கட்ட வைத்தார், மேகமே இல்லை, அங்கமுத்து கூட அண்ணாந்து பார்த்துவிட்டு, சார் சொன்னா இருக்குமுங்க என்றார். பழைய வரைபடத்தை ஞாபகத்தில் இருந்து வரைந்துவிடலாம், மூன்றாவதை எத்தனை தடவை வரைந்திருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு வரைவார். ஆனால் பீரங்கி சரியாக அதில் நிற்கிறதா என்று தெரியாமல் வரைந்தால். அன்றைக்கு என்று பக்கத்து மூலையில் நின்றுவிட்டால். எல்லோரும் வெறும் வட்டத்தை நீட்ட, இவர் ஒருவர் மட்டும் கேலக்ஸி வரைந்து வைத்திருந்தால். தாளை யாராவது தூக்கிப் பிடிப்பார்கள். அங்க ஒண்ணுமே இல்லையே சார். அங்கமுத்துவுக்குப் புரையேறும். அதற்கப்புறம் இந்த ஊரில் சென்னியப்பன் யார், சர்க்கரை வந்த இன்னொரு கிழவன், சாயங்காலமானால் பேரப்பிள்ளை போட்டோவைக் காட்டிக்கொண்டு பார்க்கில் உட்கார வேண்டியதுதான். கூடாது. இந்த மலை வேண்டாம். "அந்த இடம் சரிப்படாது," என்றார் சத்தமாக. எல்லோரும் திரும்பினார்கள். "மாசில அங்க பனி இறங்கும், கண்ணாடி எல்லாம் தண்ணியா ஊத்தும். ஆனை வேற வரும். ஊறுகாய்க்குக் காட்டின அக்கறையில கால்வாசியாவது இடத்துக்குக் காட்டியிருக்கலாம்." "ஆனை போன வாரமே மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிருச்சுங்க சார்," என்றார் அங்கமுத்து பணிவாக, "மச்சான்கிட்டக் கேட்டுட்டனுங்க. பனிக்குத் தார்ப்பாய் கட்டறதுக்குச் சொல்லியிருக்குது. உங்களுக்குக் கட்டிலும் மெத்தையும் தனியாப் போடச் சொல்லிட்டனுங்க, முதுகு வலிக்குமுன்னு." சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தார். தாங்க முடியாத ஜனங்கள். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு மெத்தை வைத்திருக்கிறார்கள்.

ஜன்னல் விளிம்பில் மஞ்சள் கோடு சிவந்துவிட்டிருந்தது. கிளம்பலாம் என்று கைப்பையை எடுத்தபோது, "சார், டார்ச் மட்டும் பார்த்துச் சொல்லிட்டுப் போயிருங்க," என்றாள் பூங்கொடி. ஒவ்வொரு ஆழ்வான ராத்திரிக்கு முன்னாலும் நடக்கிற சங்கதிதான் இது. இருட்டில் பழகிய கண்ணுக்கு வெள்ளை வெளிச்சம் விஷம், ஒரு நிமிஷம் பட்டால் மறுபடி பழக அரை மணி ஆகும். அதனால் டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, வரைபடம் படிக்க எவ்வளவு போதுமோ அவ்வளவுக்கு மங்க வைக்க வேண்டும். எத்தனை சுற்று என்று ஒரு அறையை இருட்டாக்கி, சோதித்து, சென்னியப்பன் சரி என்று சொன்ன பிறகுதான் டார்ச் மலைக்குப் போகும். இன்னொரு கட்டளையும் உண்டு. ஒரு தடவை அங்கமுத்துவின் பைக்குள் டார்ச் தானாகவே எரிந்து, எடுத்தபோது எல்லோர் கண்ணிலும் அடித்து, அந்த ராத்திரியே பாழ். அன்றிலிருந்து பையில் இருக்கும் டார்ச்சில் பேட்டரி இருக்கக் கூடாது, தனி டப்பாவில் இருக்க வேண்டும், தேவைப்படும்போதுதான் போட வேண்டும். சென்னியப்பன் போட்ட கட்டளை. இவர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்ததில் உருப்படியாய் நின்றது அது ஒன்றுதான். பூங்கொடி பையைத் திறந்து எதையோ துழாவினாள். "ஒரு நிமிஷம் சார், இதைப் போட்டுட்டு..." "லைட்டை அணைங்க முதல்ல," என்றார் அவர். இவள் ஒரு நிமிஷம் என்றால் அரை மணி. "கண்ணு பழக வேண்டாமா? எத்தனை தடவை சொல்றது. வெளிச்சத்துல இருந்துட்டு உடனே டார்ச்சைப் பார்த்தா என்ன தெரியும்." யாரோ எழுந்து ட்யூப் லைட்டை அணைத்தார்கள். லேப்டாப் மூடுகிற சத்தம். மீன் தொட்டி விளக்கும் போயிற்று. சிவந்த கோடு கூட இல்லாமல், ஹால் முழுக்க ஒரே மொத்தமாய் கறுப்பு விழுந்தது. தை மாசத்துக் கேணி. மீன் தொட்டியில் மட்டும் காற்றுக் குமிழ் மேலே வந்து வந்து உடைந்தது. கை தானாக நாற்காலிப் பிடியைப் பற்றியது. பரவாயில்லை, யாருக்கும் தெரியாது, இருட்டில் எல்லோரும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில்லையே, அவர்களுக்குப் பழகும். இப்போதே பழகிக்கொண்டிருக்கும், ஒவ்வொருத்தனுக்கும் சுவர் தெரிய ஆரம்பித்திருக்கும், கதவு, பல் படம், பிடியைப் பிடித்திருக்கிற இவர் கை. கையை எடுத்து மடியில் வைத்தார். பெருமாளே, சீக்கிரம் முடியட்டும்.

டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. டார்ச் போட்டுவிட்டாள். சென்னியப்பன் மேசை இருக்கும் பக்கம் பார்த்தார். கறுப்பு. கொஞ்சம் பக்கத்தில் பார்த்தார். கறுப்பு. ஆக, இதுவும் போயிற்று. கோடி ஒளியாண்டில் இருக்கிற கேலக்ஸி போனது போகட்டும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற டார்ச் கூடவா. எல்லோரும் காத்திருக்கிறார்கள், அந்த மௌனம் அவருக்குத் தெரியும், சார் சொல்வாரென்று காத்திருக்கிற மௌனம், இத்தனை வருஷம் அதில்தானே குளிர் காய்ந்தார். கேட்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். எப்போதுமே முதல் தடவை அதிகமாகத்தான் வைப்பாள், ஒரு சுற்றுக் குறைவாகச் சுற்றுவாள், அவளுக்கு எதிலும் கைக்கணக்கு கிடையாது. "அதிகம்," என்றார். குரல் நன்றாகத்தான் வந்தது, எரிச்சல் கூடச் சரியான அளவில் இருந்தது. "எத்தனை தடவை சொன்னாலும் இதே கதைதானா? இப்படி அடிச்சா மலையில இருக்கிற அத்தனை கண்ணும் அவிஞ்சு போயிரும். இன்னொரு சுத்து சுத்துங்க." குமிழ் உடைந்தது. "ஏனுங்க சார், இன்னும்..." என்று அங்கமுத்து ஆரம்பித்தார், யாரோ கையைப் பிடித்த மாதிரி அப்படியே நின்றுபோனார். ஒரு நாற்காலி லேசாய்த் தரையில் உரசியது. பிறகு பூங்கொடியின் குரல், நோயாளியிடம் பேசுகிற குரல், வாயைத் திறங்க, வலிக்காது என்கிற குரல். "சரிங்க சார். இன்னொரு சுத்து சுத்திட்டேன். இப்பப் பாருங்க." அவர் பார்த்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, யோசிக்கிற மாதிரி நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். "ம். இப்பப் பரவாயில்லை. இதே அளவு இருக்கட்டும்." "சரிங்க சார்," என்றாள். தப்பித்தோம் என்று மூச்சு விட்டார். இதுகளை ஏமாற்றுவது ஒரு பெரிய காரியமா. மலை ராத்திரியையும் இப்படியே ஓட்டிவிடலாம் போலிருந்தது.

ட்யூப் லைட் இரண்டு தடவை சிமிட்டி எரிந்தது. முதலில் மேசைதான் தெரிந்தது, நடுப்பார்வை பத்திரமாக இருக்கும் என்று டாக்டர் சொன்னானே, அந்த நடுப்பார்வையில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. முறுக்குத் தட்டு. பக்கத்தில் டார்ச், சிவப்புத் தாள் சுற்றியது, பின்மூடி திறந்து, உள்ளே ஸ்பிரிங் தெரிய. அதற்குப் பக்கத்தில் மூடி கழன்ற பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் பேட்டரி, இரண்டும், ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு. டக்கென்று கேட்டது டப்பா மூடி. சென்னியப்பன் அந்த இரண்டு பேட்டரியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். டார்ச் எரியவே இல்லை. எரிந்திருந்தால் தெரிந்திருக்கும், ஒருவேளை நன்றாகவே தெரிந்திருக்கும், ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் போதும். ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து அதிகம் என்றார், குறைத்ததும் சரி என்றார், சுருள் சுருளாய், இரண்டு கை, நடுவில் பொட்டு. இத்தனை பேரும் அந்த இருட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். சிரிப்பு வரப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். வரவில்லை. "அந்த வரையற ரூல் இருக்கில்ல சார்," என்றான் நிஷாந்த், தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தத் தடவை அது வேண்டாம். நேரம்தான் போகுது. பார்த்தமா பேசினமான்னு இருக்கலாம்." "அதாங்க," என்றார் அங்கமுத்து உடனே. "சார் பக்கத்துல இருந்து விளக்கிச் சொல்லட்டும், குழாயை நாங்க திருப்பிக்கறோம்." பூங்கொடி டப்பாவை மெதுவாக மூடினாள். "எனக்கு அந்தப் பக்கம்தான் போகணும் சார், இருட்டிடுச்சு, வீட்டுல விட்டுட்டுப் போறேன்." சென்னியப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அங்கமுத்து அவர் தலைக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த கடைவாய்ப்பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஷாந்த் அவர் தோளுக்கு அந்தண்டை மீன் தொட்டியை. பூங்கொடி அவர் மடியில் இருந்த கைப்பையை. பேர் தேவையில்லாத நாலைந்து பேரும் கூட, அவருக்குக் கொஞ்சம் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு. ஒருத்தர் கூட நேராகத் திரும்பவில்லை. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் வராத பழக்கம், எல்லோருக்கும் ஒன்றாக வந்திருந்தது. பூங்கொடி எழுந்து போய்ப் படிக்கட்டு லைட்டைப் போட்டாள்.